மூன்று டன்னுக்குக் கீழே: அமெரிக்கக் கிராமத்து இரும்புப் பாலங்கள் மூடப்படுவதும் பிழைப்பதும்

அமெரிக்காவின் பால ஆய்வு விதிகளில் 3 டன் என்று ஒரு எல்லை இருக்கிறது. ஒரு பாலத்தால் 3 டன் எடையுள்ள வண்டியைக்கூடப் பாதுகாப்பாகத் தாங்க முடியாது என்று கணக்குச் சொன்னால் அதை மூடியே ஆக வேண்டும். அவர்களுடைய டன் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. அப்படிப் பார்த்தால் 2,700 கிலோ சொச்சம். கொஞ்சம் பெரிய பிக்கப் வண்டி ஒன்றின் எடை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு வந்த பிறகு பாலத்தின் இரு முனையிலும் கான்கிரீட் கட்டைகளை வைத்துவிடுவார்கள். பள்ளிப் பேருந்தும் தீயணைப்பு வண்டியும் பல மைல் சுற்றிப் போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு அதே சுற்றைச் சுற்றுவார். ஊரில் இரண்டு குரல்கள் எழும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று ஒன்று. எங்கள் தாத்தா காலத்துப் பாலம், தொடாதீர்கள் என்று இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாலங்கள் எப்படிச் செய்யப்பட்டன, உண்மையில் எந்த இடத்தில் பலவீனமாகின்றன என்று தெரிந்துகொண்டால், இந்த இரண்டைத் தவிர வேறு வழிகளும் இருப்பது புரியும். அந்த வழிகள் நிறைய ஊர்களில் கடைசி நேரம்வரை பேசப்படுவதே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஆதங்கம்தான்.

முக்கோணங்களின் கணக்கு

ரயிலில் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே சாய்வும் நேருமாக இரும்புச் சட்டங்கள் ஓடுமே, அதுதான் டிரஸ். நான்கு கம்பிகளைச் சதுரமாக இணைத்து ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாக இணைத்தால், ஏதாவது ஒரு கம்பி நீளவோ சுருங்கவோ வளையவோ செய்தாலன்றி வடிவம் மாறாது. இப்படிப்பட்ட முக்கோணங்களை வரிசையாகக் கோத்தால், குறைந்த இரும்பில் நீண்ட தூரத்தைத் தாண்டலாம். பாலத்தின் மேல் விழும் எடை ஒவ்வொரு சட்டத்திலும் இழுவிசையாகவோ அழுத்தமாகவோ பிரிந்து கரைக்குப் போய்ச் சேரும்.

இதை மரத்தில் தச்சர்கள் வெகுகாலமாகச் செய்துவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அது கணக்காக மாறியது. தாமஸ் பிராட்டும் அவர் தந்தை கேலப் பிராட்டும் 1844இல் ஒரு டிரஸ் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நியூயார்க் மாநிலத்தில் கால்வாய்ப் பாலங்கள் கட்டிய ஸ்குவயர் விப்பிள், ஒரு டிரஸின் ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு விசை வரும் என்று கணக்கிடும் முறையை 1847இல் நூலாக அச்சிட்டார். அதுவரை கைப்பழக்கத்தில் கட்டியதை, அப்புறம் தாளில் கணக்குப் போட்டுக் கட்ட முடிந்தது.

பிராட் வடிவம் அமெரிக்கக் கிராமங்களில் அவ்வளவு பரவியதற்குக் காரணம் எளிமையானது. மெல்லிய நீளமான கம்பியை இழுத்தால் நன்றாகத் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். பிராட் டிரஸில் நீளமான சாய்வுக் கம்பிகள் இழுவிசையையும், நீளம் குறைந்த செங்குத்துத் தூண்கள் அழுத்தத்தையும் ஏற்கின்றன. இரும்பின் குணத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. அதனால் சாய்வுகளை மிக ஒல்லியாகச் செய்யலாம், இரும்பு மிச்சமாகும். பழைய பாலங்களின் அந்த நூல் போன்ற மெலிவு அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல என்று தெரிந்த பிறகு, எனக்கு அவை இன்னும் அழகாகத் தெரிகின்றன.

சட்டங்களை இணைத்த விதமும் முக்கியம். கீழ்ப்பகுதியில் இழுவிசையை ஏற்பவை தட்டையான இரும்புப் பட்டைகள்; இரு முனையிலும் ஊசிக் காது போல ஒரு துளை. இவற்றை ஐபார் என்பார்கள். ஒரு மூட்டில் சேரும் ஐபார்கள், சாய்வுகள், தூண் எல்லாவற்றின் துளைகளையும் ஒரே நேரில் வைத்து, தடித்த உருளையான இரும்பு முளை ஒன்றைக் குறுக்கே செருகிவிடுவார்கள். அந்த முளைக்குப் பின் என்று பெயர். ஆகவே பாலத்தைத் தொழிற்சாலையில் துண்டுதுண்டாகச் செய்து, ரயிலில் அனுப்பி, மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், சிறிய குழு ஒன்று சில வாரங்களில் கோத்து நிறுத்திவிட முடிந்தது.

கிளீவ்லாந்தின் கிங் அயர்ன் பிரிட்ஜ் கம்பெனி, கேன்டன் நகரத்தின் ராட் அயர்ன் பிரிட்ஜ் கம்பெனி, கனெக்டிகட்டின் பெர்லின் அயர்ன் பிரிட்ஜ் கம்பெனி போன்றவை விலைப்பட்டியல் அச்சிட்டு, கவுண்ட்டி அதிகாரிகளைத் தேடிப்போய்ப் பாலம் விற்றன. கவுண்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. கிராமச் சாலைகளும் பாலங்களும் பெரும்பாலும் அதன் பொறுப்பு. இப்படி விற்ற நிறுவனங்களில் பலவற்றை வாங்கி இணைத்து, 1900இல் ஜே. பி. மோர்கன் அமெரிக்கன் பிரிட்ஜ் கம்பெனியை உருவாக்கினார். அதற்குமுன் நிமிர்ந்த பாலங்களின் நெற்றியில் கட்டியவர் பெயரும் ஆண்டும் பொறித்த வார்ப்பிரும்புத் தகடு இருக்கும். தகட்டுக்கு மேலே பூவேலை செய்த முகடுகளும் சிலவற்றில் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு ஓடைக்கு மேல் அவ்வளவு வேலைப்பாடு.

பலவீனம் எங்கே

1880இல் கட்டிய பாலம் எதைச் சுமக்கும் என்று கணக்குப் போட்டார்கள்? தானிய வண்டி, மாட்டு மந்தை, திருவிழாக் கூட்டம். இன்று அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு லாரிக்கு அனுமதிக்கப்படும் மொத்த எடை 80,000 பவுண்டு, ஏறத்தாழ 36,000 கிலோ. அறுவடை இயந்திரம், பால் டேங்கர், தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு வண்டி என்று கிராமச் சாலைக்கு வருபவையும் லேசானவை இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஒரு பாலத்தின் தாங்குதிறன் என்று பலகையில் எழுதியிருப்பது அதன் மிகப் பலவீனமான உறுப்பின் திறன். கிராமத்து டிரஸ் பாலங்கள் பலவற்றில் அந்த உறுப்பு பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் டிரஸ் கிடையாது, வண்டி ஓடும் தளத்துக்கு அடியில் இருக்கும் விட்டங்கள். சக்கரத்தின் எடை முதலில் தளப் பலகைக்கு வருகிறது, பிறகு நீளவாட்டு விட்டங்களுக்கு, அங்கிருந்து குறுக்கு விட்டங்களுக்கு, கடைசியாகத்தான் டிரஸுக்கு. லாரியின் ஒரு அச்சின் எடை முழுவதும் ஒன்றிரண்டு சிறு விட்டங்களின் தலையில் விழும். மழைநீரும் சாலை உப்பும் முதலில் வடிவதும் அவற்றின் மேல்தான். எனவே "பாலம் போய்விட்டது" என்று சொல்லப்படும்போது, எந்த உறுப்பு போனது என்று கேட்க வேண்டும். போனது தளமும் விட்டங்களும் மட்டும் என்றால், அவற்றை மாற்றிவிட்டு டிரஸை அப்படியே வைத்துக்கொள்ள முடியும்.

டிரஸிலும் சிக்கல்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையில் ஈரம் புகுந்தால் துரு உள்ளேயே வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ரிவெட் எனும் தறையாணியால் இறுக்கிய தகடுகளையே பிளந்து வளைத்துவிடும். பனியை உருக்கக் கொட்டும் உப்பு அதற்குத் துணை. கீழ் மூட்டுகளில் மண்ணும் இலைச்சருகும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். பின்னின் நடுப்பகுதியோ வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. கரையில் பாலத்தைத் தாங்கும் கல் சுவரின் அடியை வெள்ளம் அரித்துக்கொண்டு போவது வேறு.

இவை எல்லாவற்றையும்விட ஆய்வாளர்களைக் கவலைப்பட வைப்பது, மாற்றுத் தாங்கல் இல்லாமை. ஒரு சட்டம் அறுந்தால் அதன் சுமையை ஏற்க வேறு சட்டம் இல்லை. இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 1967 டிசம்பர் 15. ஒஹாயோ ஆற்றின் மேல், மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளெசன்ட் ஊரில் இருந்த சில்வர் பாலம் மாலை நெரிசல் நேரத்தில் ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். அது டிரஸ் பாலம் கிடையாது, தொங்கு பாலம். ஆனால் கம்பி வடத்துக்குப் பதில் ஐபார் சங்கிலிகளில் தொங்கியது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே இரண்டு ஐபார்கள். அதில் ஒன்றின் துளையோரத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்த ஒரு சிறு விரிசல், மொத்தப் பாலத்தையும் வீழ்த்தியது. 1928இல் திறக்கப்பட்ட பாலம். நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான பால ஆய்வு விதிகள் வந்தன. 1971 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, 20 அடிக்கு மேல் நீளமுள்ள பொதுச்சாலைப் பாலங்களைப் பொதுவாக 24 மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அறுந்தால் பாலமே விழும் என்ற வகை எஃகு உறுப்புகளை, கையெட்டும் தூரத்தில் நின்று தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும். கிராமத்து டிரஸின் அடியிலும் ஐபார்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கின்றன. ஒரு பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு மூடச் சொன்னால் அவரை ஊரின் எதிரியாகப் பார்ப்பது நியாயம் இல்லை. அந்த 46 பேர் அவர் நினைவில் இருக்கிறார்கள்.

எடைப் பலகை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பலகையைப் படித்து நடந்தால் போதும். 2015 கிறிஸ்துமஸ் அன்று இந்தியானா மாநிலத்தின் பாவோலி ஊரில், 1880இல் கட்டிய இரும்புப் பாலத்தில் ஒரு பெரிய லாரி ஏறியது. பலகையில் 6 டன் என்று இருந்தது. லாரியிலிருந்த தண்ணீர்ப் பாட்டில்களின் எடை மட்டுமே ஏறக்குறைய 43,000 பவுண்டு. பாலம் லாரியோடு ஓடையில் இறங்கிவிட்டது. 2019 ஜூலையில் வடக்கு டகோட்டாவின் நார்த்வுட் அருகே அதே கதை: 1906இல் கட்டிய சிறிய பிராட் டிரஸ், தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருந்தது, வரம்பு 14 டன். உலர்ந்த பீன்ஸ் ஏற்றி 40 டன்னுக்கு மேல் இருந்த லாரி அதன் மேல் ஏறி அதை முறித்தது. உயிர் போகவில்லை என்பது ஆறுதல். பலகையை மட்டும் நம்பி இருந்தால் பாலத்தின் ஆயுள் முன்பின் தெரியாத ஒரு ஓட்டுநரின் கையில் இருக்கும் என்பதற்கு இந்த இரண்டும் போதும். அந்த விதத்தில், மோட்டார் வண்டிகளுக்கு மூடுவது பாலத்தையே காப்பாற்றும் நடவடிக்கையாகவும் இருக்கிறது.

மூடிய பின்

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. மூடிய பாலத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. மூட்டுகளில் சேர்ந்த மண்ணை அள்ளுவதில்லை. சாலையாகப் பயன்படாத பாலத்துக்குச் சாலைப் பணத்தைச் செலவழிப்பதும் கடினம். ஐந்து வருடம், பத்து வருடம் என்று போகும். பிறகு ஒருநாள், காப்பாற்ற முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று அறிக்கை வரும். அந்த நிலைக்கு அது வந்தது பெரும்பாலும் மூடிய பிறகுதான்.

மினசோட்டாவின் புளூமிங்டனில், காட்டுயிர் காப்பிடத்தின் நடுவே லாங் மெடோ ஏரியைக் கடக்கும் பழைய சீடர் அவென்யூ பாலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1920இல் கட்டிய ஐந்து கண் டிரஸ் பாலம். 1993இல் வண்டிகளுக்கு மூடினார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் போனார்கள். 2002இல் அவர்களுக்கும் மூடினார்கள். இடிப்பதா, புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்து, புதுப்பித்துத் திறந்தது 2016இல். முடிவு நல்ல முடிவு. ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுகளும் ஈரக்காற்றும் துருவும் சும்மா இருந்திருக்காது. தாமதம் ஆக ஆகப் பழுதுச் செலவு ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1966இல் இரண்டு முக்கியமான சட்டங்கள் வந்தன. தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள எந்தத் திட்டமும் வரலாற்றுச் சின்னத்தைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேச வேண்டும். அது இடிப்பதைத் தடை செய்வதில்லை, யோசிக்காமல் இடிப்பதைத்தான் தடுக்கிறது. அதே ஆண்டு வந்த போக்குவரத்துத் துறைச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவு இன்னும் கறாரானது: நடைமுறைக்கு ஏற்ற வேறு வழி இல்லை என்று காட்டினால்தான் வரலாற்றுப் பாலத்தை அழிக்கும் சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும். 1987இல் இன்னொரு விதி சேர்ந்தது. மத்திய நிதியில் புதிய பாலம் கட்டிப் பழையதை இடிக்கப் போகிறார்கள் என்றால், முதலில் பழையதை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று பொதுவில் கேட்க வேண்டும். எடுத்துக்கொள்பவர் அதன் வரலாற்று அம்சங்களைப் பராமரிக்க வேண்டும். எதிர்காலச் சட்டப் பொறுப்பும் செலவும் அவருடையது. இடிக்க ஆகும் செலவுக்கு ஈடான தொகையைப் பாலத்தைக் காப்பதற்குப் பயன்படுத்தலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு இரும்புப் பாலத்தை இலவசமாக வாங்கிக்கொள்ள யார் வருவார்கள்? அறிவிப்பு பெரும்பாலும் புதிய பாலத்தின் வரைபடம் முடியும் தறுவாயில் வருகிறது. ஒரு பூங்காத் துறையோ ஊர்ச் சங்கமோ இடம் பார்த்து, நிதி திரட்டி, கூட்டம் போட்டு முடிவெடுக்க அந்த அவகாசம் போதாது.

இந்தியானா இதைக் கொஞ்சம் முறையாகச் செய்தது. 2006இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மாநிலத்தின் வரலாற்றுப் பாலங்களை மொத்தமாகக் கணக்கெடுத்து இரண்டாகப் பிரித்தார்கள். காப்பதற்கு மிகத் தகுதியானவை என்று தேர்ந்தவற்றை மத்திய நிதியைக் கொண்டு இடிக்க முடியாது. மற்றவற்றை இடிக்கும்முன் குறைந்தது ஆறு மாதமாவது எடுத்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்றுவோம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக இழப்பதைவிட, எவற்றை விடவே மாட்டோம் என்று முதலிலேயே எழுதிவைப்பது நேர்மையான வழி என்று நினைக்கிறேன். பட்டியலில் விடுபட்ட பாலத்தின் ஊர்க்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் வருத்தமும் உண்மையானது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புதுப் பாலம் கட்ட நீண்ட காலமாக மத்திய அரசு பொதுவாக 80 சதவீதம் வரை கொடுத்துவந்தது. கழுவுவது, பெயின்ட் அடிப்பது, மண் அள்ளுவது போன்ற வழக்கமான பராமரிப்பெல்லாம் கவுண்ட்டியின் சொந்தப் பை. சின்ன கவுண்ட்டி ஒன்று எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பழைய பாலங்களை ஊர்கள் மதிக்கவில்லை என்று பொதுவாகக் குறை சொல்கிறார்கள்; நிதி வரும் வழியே மாற்றிக் கட்டுவதற்குச் சாதகமாக இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கழற்றி மாட்டலாம்

பின் கோத்த பாலங்களைக் காப்பதில் இருக்கும் பெரிய வசதி, அவை கழற்றக்கூடியவை. கல் பாலத்தையோ கான்கிரீட் பாலத்தையோ இப்படி எடுத்துப் போக முடியாது. பாலங்களை இடம் மாற்றுவது இன்றைய பாதுகாவலர்கள் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. மேரிலாந்தின் சாவேஜ் ஊரில் இருக்கும் போல்மன் டிரஸ் 1869இல் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்பாதைக்காகச் செய்யப்பட்டது. 1887இல் அதைக் கழற்றிக் கொண்டுவந்து, ஆலைக்குப் போகும் கிளைப்பாதையில் நிறுத்தினார்கள். அந்த வகைப் பாலத்தில் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இப்போது மக்கள் அதில் நடந்து போகிறார்கள். முக்கியப் பாதையில் போதாமல் போன பாலத்தைச் சிறிய பாதைக்கு மாற்றுவது அக்காலத்தில் வழக்கம்தான்; இரும்பை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆர்கன்சாவில் 1874இல் கிங் கம்பெனி செய்த ஸ்பிரிங்ஃபீல்ட்-டெஸ் ஆர்க் பாலம், வில் போல் வளைந்த மேற்சட்டம் கொண்டது. காட்ரன் ஓடையின் மேல் கைவிடப்பட்டுக் கிடந்ததைத் தூக்கி, சீர்செய்து, கான்வே நகரின் பீவர்ஃபோர்க் ஏரிப் பூங்காவில் வைத்தார்கள். மிச்சிகனில் பேட்டில் கிரீக் அருகே கால்ஹூன் கவுண்ட்டியில், பல இடங்களிலிருந்து கொண்டுவந்த டிரஸ் பாலங்களை ஒரே பூங்காவில் நடைபாதைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். சொந்த ஆற்றைப் பிரிந்த பாலம் பாதிப் பாலம்தான் என்று ஒரு கருத்து உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதற்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போக விடுவதா?

இடத்திலேயே வைத்திருக்க முடிந்தால் அதுதான் முதல் விருப்பம். பக்கத்தில் புதிய பாலம் கட்டிவிட்டுப் பழையதை நடப்பவர்களுக்கு விடலாம். போக்குவரத்து குறைவாக இருந்தால் தள விட்டங்களை மட்டும் புதிய எஃகில் மாற்றி, குறைந்த எடை வரம்போடு வண்டிகளுக்கே திறக்கலாம். சில இடங்களில் அடியில் புதிய எஃகு உத்தரங்களை வைத்து, சுமை முழுவதையும் அவற்றிடம் கொடுத்துவிடுகிறார்கள். டிரஸ் தன் எடையை மட்டும் சுமந்து நிற்கும். எனக்கு இது அரைமனதான தீர்வாகவே படுகிறது. பார்க்க எல்லாம் இருக்கும், முக்கோணங்களுக்கு வேலை இருக்காது. வேறு வழியில்லாத இடத்தில் இடிப்பதைவிட இது மேல்.

பழுதுபார்க்கும் கைவேலையும் மறையவில்லை. வளைந்த சட்டத்தைக் கணக்காகச் சூடேற்றி ஆறவிட்டால் அது மெல்ல நேராகும். ரிவெட்டைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் துளையில் செருகி, மறுமுனையைச் சம்மட்டி இயந்திரத்தால் அடித்துத் தலை உண்டாக்கினால், அது ஆறிச் சுருங்கும்போது தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். இதைத் தெரிந்தவர்கள் இன்றும் செய்கிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள். 1890களுக்கு முந்திய பாலங்களில் பெரும்பாலும் இருப்பது தேனிரும்பு. உள்ளே கசடு இழைஇழையாக ஓடும் அந்த இரும்பை இப்போது யாரும் பெருமளவில் தயாரிப்பதில்லை, அதனால் அழுகிய துண்டுக்கு எஃகுதான் போட வேண்டியிருக்கிறது. பழைய பெயின்டில் ஈயம் இருப்பதால், சுரண்டும்போது அது ஆற்றில் விழாமல் முழுப் பாலத்தையும் போர்த்த வேண்டும். செலவில் பெரும்பங்கு அங்கே போய்விடும். கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை குறையும். துண்டுகளுக்குத் துத்தநாகப் பூச்சும் கொடுக்கலாம்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, எது எதோடு சேரும் என்று குறித்துவைப்பார்கள். தேசிய அளவில் 1969இல் தொடங்கிய அமெரிக்கப் பொறியியல் வரலாற்று ஆவணத் திட்டம் இதுபோன்ற கட்டுமானங்களை வரைபடம், புகைப்படம், வரலாறு என்று பதிந்து வருகிறது. அந்தத் தொகுப்பு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஆனால் இடிப்பதற்கு ஈடாக ஆவணம் எடுத்துவிட்டோம் என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆவணம் வேண்டும், பாலமும் வேண்டும்.

கட்டைகள் வைக்கப்பட்ட அன்றே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு, பெரிய பணம் தேவையில்லை. கீழ் மூட்டுகளிலும் கரையில் பாலம் உட்காரும் இடங்களிலும் சேர்ந்த மண்ணையும் சருகையும் அள்ளுவது. நீர் வடியும் வழிகளைத் திறந்துவிடுவது. ஆற்றில் அடித்துவந்து தாங்குசுவரில் சிக்கிய மரங்களை எடுப்பது. கட்டியவர் பெயர்த் தகடு காணாமல் போகும்முன் கழற்றிப் பத்திரப்படுத்துவது. எந்த உறுப்பால் தாங்குதிறன் குறைந்தது என்று ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது. தளமா, விட்டமா, பின்னா, கரைச் சுவரா என்ற விடையைப் பொறுத்துத்தான் செலவு சில ஆயிரம் டாலரா பல லட்சமா என்பது தெரியும். ஊர்க் கூட்டம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்பதற்கு மறுபடி இரண்டு வருட ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.